கல்விக் கொள்கை படிக்கப் போய் சொத்துவரி படித்த கதை

அமெரிக்காவில் என்ன படித்தாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு "ஸ்கூல் சம்பந்தமா". கூட வேலை பார்த்த டீச்சர்களுக்கு "கல்விக் கொள்கை". அப்பாவுக்கு மட்டும் எந்தப் பதிலும் போதவில்லை. "அதாவது எம்.எட். தானே?" என்று கேட்டார். இன்றுவரை கல்யாண வீடுகளில் எம்.எட். என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். ஆனால் இளைய ஆசிரியர்கள் சிலர் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கும்போது "ஸ்கூல் சம்பந்தமா" என்று நழுவ முடிவதில்லை. அவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான்.

பட்டத்தின் பெயர் நகர்ப்புறக் கல்விக் கொள்கையில் முதுகலை. இடம், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகம். 2018 கோடையில் சேர்ந்து 2019 மே மாதம் முடித்தேன். ஒரு வருடப் படிப்பு. பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் ஏதாவது ஒரு கல்வி அலுவலகத்திலோ அமைப்பிலோ பயிற்சி வேலை. அதற்கு முன் வியாசர்பாடியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் இருந்ததெல்லாம் வகுப்பறைக் கேள்விகள்தான். ஐந்தாவது படிக்கும் பிள்ளை ஏன் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் திக்குகிறது, பயிற்சி முகாமில் சொல்லித் தருவது ஏன் திங்கட்கிழமைக்குள் ஆவியாகிவிடுகிறது, இப்படி. வாசிப்பு பற்றியும் பாடத்திட்டம் பற்றியும் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் பருவத்தில் அவர்கள் பேசியது சொத்துவரி.

நம் ஊரிலும் சொத்துவரியில் கல்வி வரி என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அந்தத் தெருவில் வீட்டு விலை என்ன என்பது தீர்மானிப்பதில்லை. அங்கே அதில் வீட்டு விலைக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கப் பள்ளிகளுக்கான பணத்தில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுமக்கின்றன. அந்த உள்ளூர்ப் பணம் முக்கியமாக வீட்டுக்கும் கடைக்கும் போடும் வரி. பணக்கார ஊரில் குறைந்த விகிதத்தில் வரி போட்டாலே பள்ளி பளபளக்கும். ஏழை ஊரில் எவ்வளவு பிழிந்தாலும் வராது.

இதை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோவில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனும் வேறு சில பெற்றோர்களும் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி, அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. அதன் பிறகு இந்தச் சண்டை மாநில நீதிமன்றங்களுக்கு இடம் மாறியது. சில மாநிலங்களில் ஜெயித்தார்கள். ரோட் ஐலண்டில் 1995இலும் 2014இலும் இரண்டு முறை கதவு சாத்தப்பட்டது. பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது சட்டமன்றத்தின் வேலை, எங்கள் வேலை அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த வகுப்பில், இந்தியாவில் 86ஆவது திருத்தம் மூலம் கல்வி அடிப்படை உரிமையாகிவிட்டது, அதற்கான சட்டமும் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் என்னை ஏதோ சொர்க்கத்திலிருந்து வந்தவளைப் போலப் பார்த்தார்கள். என் வகுப்பின் ஒழுகும் கூரையைப் பற்றி அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டில் போய் நின்றால் இந்த மாதிரி ஒரு தேசபக்தி வந்துவிடுகிறது, என்ன செய்ய.

சரி, நீதிமன்றம் கைவிட்ட பிறகு பணம் எப்படிப் பிரிகிறது? இங்கேதான் எனக்கு இந்தப் படிப்பு பிடிக்க ஆரம்பித்தது. மாநிலப் பணத்தைப் பங்கிட ஒரு நிலையான சூத்திரமே இல்லாமல் ரோட் ஐலண்ட் ரொம்ப வருடம் ஓட்டியது. 2010இல் ஒருவழியாக ஒரு சட்டம் வந்தது. பிரவுன் ஆய்வாளர்களும் அதை வடிவமைப்பதில் உதவினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்றால் அதன் மேல் 40 சதவீதம் கூடுதல். இந்த மொத்தத்தில் மாநிலம் எவ்வளவு கொடுக்கும், ஊர் எவ்வளவு போடும் என்பதற்கு ஒரு கணக்கு. ஊரின் சொத்து மதிப்பை வைத்து மாநிலத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள், கீழ் வகுப்புகளில் இருக்கும் ஏழைப் பிள்ளைகளின் சதவீதத்தையும் எடுக்கிறார்கள். இரண்டையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் போடுகிறார்கள்.

ஆமாம், மாநிலச் சட்டத்துக்குள் ஒரு வர்க்கமூலம். சும்மா சராசரி எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஓர் ஊரின் சொத்துக் கணக்குப்படி மாநிலத்தின் பங்கு 20 சதவீதம், ஏழைப் பிள்ளைகள் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 40. இந்த முறையில் 44.7 வரும். இரண்டில் எது பெரியதோ அதன் பக்கம் சூத்திரம் கொஞ்சம் சாய்கிறது. வீட்டு விலை ஏறிப்போய், ஆனால் பிள்ளைகள் ஏழைகளாகவே இருக்கிற ஊருக்கு அந்தச் சாய்வு பல லட்சம் டாலர். அது தற்செயலாக வந்த சாய்வு அல்ல, தெரிந்தே வைத்தது. அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த சாயங்காலம், பள்ளிக் கரும்பலகையில் என்றோ எழுதிப்போட்ட வர்க்கமூலத்துக்கு இப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் போய்விட்டோமே என்று இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. சொத்துவரியைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடந்த கட்டடமே சொத்துவரி கட்டாத கட்டடம். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. பிராவிடன்ஸ் சின்ன நகரம். அதில் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் பிடித்து வைத்திருக்கும் நிலம் கொஞ்சநஞ்சமல்ல. 1764இல் தொடங்கிய பிரவுன், நகரத்தில் உள்ள ஒரு மேட்டில் பாதி இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பதுபோலத்தான் புதிதாக வருகிறவருக்குத் தெரியும். வரிக்குப் பதிலாக நகரத்துக்கு ஏதோ ஒரு தொகை தருவதாக அவ்வப்போது ஒப்பந்தம் போடுகிறார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு, 2023இல், 20 ஆண்டுகளில் 17.4 கோடி டாலர் தருவதாக பிரவுன் ஒப்புக்கொண்டது. அடிமை வணிகத்தோடு தனக்கிருந்த தொடர்பை ஆராய்ந்து 2006இல் அறிக்கை வெளியிட்ட பின், நகரப் பள்ளிகளுக்காக ஒரு கோடி டாலர் நிதி திரட்டுவதாகச் சொன்னது. அது முழுதாகச் சேர்ந்தது 2020இல். பெருமைப்படலாமா கோபப்படலாமா என்று வகுப்பில் எங்களுக்குள் சண்டை வரும். என் கட்சி, கோபம்.

பணத்துக்கு அடுத்து, ஏழைப் பிள்ளை யார் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி. பதில் கேட்டு நான் சிரித்துவிட்டேன். மதியச் சாப்பாடு! குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் பள்ளியில் இலவசச் சாப்பாடு, 185 சதவீதம் வரை சலுகை விலை, அதற்கு மேல் முழு விலை. வீட்டிலிருந்து படிவம் நிரப்பி வர வேண்டும். எத்தனை பிள்ளைகள் இலவசத் தட்டுக்கோ சலுகைத் தட்டுக்கோ தகுதி பெறுகிறார்கள் என்பதுதான் பல வருடங்களாக அமெரிக்கக் கல்வி ஆய்வுகளில் வறுமையின் அளவுகோல். ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அந்தத் தட்டின் மேல் நிற்கின்றன. 2010இல் வந்த சட்டம் ஒன்று ஏழைப் பகுதிப் பள்ளிகளில் படிவமே இல்லாமல் எல்லோருக்கும் சாப்பாடு போட வழிவிட்டது. பிள்ளைகளுக்கு நல்லது. ஆய்வாளர்களுக்குத் தலைவலி, ஏனென்றால் பள்ளி முழுக்கவே ஏழை என்று கணக்கு காட்ட ஆரம்பித்தது.

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் வளர்ந்த ஊரிலிருந்து போனவளுக்கு, சாப்பிட வருமானச் சான்று கேட்பது என்பதே விளங்கவில்லை. எங்கள் பள்ளியில் பன்னிரண்டரைக்குத் தட்டோடு வரிசையில் நின்றால் முட்டை. யார் வீட்டில் என்ன வருமானம் என்று ஆயா கேட்டதில்லை. அதே சமயம் இன்னொன்றும் தோன்றியது. யாரையும் கேட்காததால் யார் வீட்டில் உண்மையிலேயே அடுப்பு எரியவில்லை என்பது எங்கள் பதிவேட்டில் இருந்ததே இல்லை. அதை ஆயா மட்டும் தெரிந்து வைத்திருந்தார், இரண்டாவது கரண்டி யாருக்கு விழுகிறது என்பதில்.

புள்ளியியல் பாடம் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. நான் தமிழ் இலக்கியம் படித்தவள், ஸ்டேட்டா என்ற மென்பொருளைத் திறந்தபோது முதல் வாரம் அழுகைதான் வந்தது. ஆனால் அந்தப் பாடத்துக்கு அடிப்படை ஒரே கேள்விதான். நல்ல பள்ளியில் படித்ததால் பிள்ளை நன்றாகப் படிக்கிறதா, நன்றாகப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போகிறார்களா? பிரித்துக் காட்டு. டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு வருடம் சுமார் 11,600 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் சிறிய வகுப்புகளிலும் பெரிய வகுப்புகளிலும் பிரித்துப் போட்டார்கள். 13 முதல் 17 பேர் ஒரு பக்கம், 22 முதல் 25 பேர் இன்னொரு பக்கம். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அந்தப் பலன் இன்னும் அதிகம். 22 பேரைப் பெரிய வகுப்பு என்று சொன்னபோது என்னோடு சேர்ந்து சிரிக்க அந்த அறையில் யாரும் இல்லை. என் வகுப்பில் 41 பேர்.

குலுக்கல் போட முடியாத இடத்தில் கோடுகளைத் தேடு என்பது அடுத்த பாடம். ஒரு விதி கிழிக்கும் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கமும் சற்று அந்தப் பக்கமும் இருப்பவர்கள் மற்றபடி ஒரே மாதிரிதான், அதனால் அவர்களை ஒப்பிடலாம். பிராவிடன்ஸில் அப்படி ஒரு கோடு நிஜமாகவே இருந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பள்ளிப் பேருந்து கிடையாது, நகரப் பேருந்துக்கான பாஸ்தான். அதுவும் வீடு பள்ளியிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால் மட்டும். 2.9 மைல் என்றால் நடக்க வேண்டும். ஜனவரியில், உறைபனியில், விடிந்தும் விடியாத நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து இதை எதிர்த்துப் போராடினார்கள். நகரசபை உறுப்பினர்களைத் தங்களோடு நடக்கக் கூப்பிட்டார்கள். தூரம் படிப்படியாகக் குறைந்து இரண்டு மைலுக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சண்டை முடிந்துவிட்டிருந்தது. ஆனால் நான் பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை அதன் வாலைப் பிடித்த வேலை. 180 பள்ளி நாட்களில் 18 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் யார், அவர்கள் வீடு எங்கே, பேருந்து எங்கே மாற வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்காகக் கென்னடி பிளாசாவில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். நகரத்தின் பெரும்பாலான பேருந்துகள் வந்து கலையும் இடம். தெற்கு பிராவிடன்ஸிலிருந்து வரும் பிள்ளை ஹோப் உயர்நிலைப் பள்ளிக்குப் போக அங்கே இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். முதல் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் இரண்டாவது போய்விடும். அதற்கடுத்த பேருந்து வருவதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். ஹோப் இருப்பது மேட்டுப் பக்கம், எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் தூரம். அந்த மேட்டிலேயே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பழைய தனியார் பள்ளிகளும் உண்டு. காலையில் மேட்டுக்குப் பேருந்தில் வரும் முகங்களையும், மேட்டிலேயே காரிலிருந்து இறங்கும் முகங்களையும் பார்த்தாலே போதும், நகரத்தின் கல்வி வரைபடம் கிடைத்துவிடும். நம் ஊரில் சீருடையோடு ஏறினால் நடத்துனர் டிக்கெட் கேட்பதில்லை என்று அலுவலகத்தில் சொன்னேன். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தூரம் கணக்கில்லையா என்றார்கள். இல்லை என்றேன்.

2018 நவம்பரில் மாநிலத் தேர்வு முடிவுகள் வந்தன. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பிராவிடன்ஸ் பிள்ளைகளில் கணிதத்தில் தேறியவர்கள் 100க்கு 10 பேர். அடுத்த வசந்தத்தில் ஆஞ்சலிகா இன்ஃபான்டே கிரீன் மாநிலக் கல்வி ஆணையராக வந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, நான் பட்டம் வாங்கிய அடுத்த மாதம், 2019 ஜூனில் வெளியானது. குழாயில் பழுப்புத் தண்ணீர், உரிந்து விழும் ஈயச் சாயம், எலிகள், பயத்தோடு வரும் பிள்ளைகள், பாடமே நடக்காத வகுப்புகள். பார்க்கப் போனவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது நிர்வாகம் பற்றிய பகுதி. மேயர், நகரசபை, பள்ளி வாரியம், கண்காணிப்பாளர், மாநிலம் என்று அடுக்கடுக்காக ஆட்கள் இருந்தும், ஒரு ஜன்னலை மாற்ற முடிவெடுக்க ஆள் இல்லை. நவம்பர் 1 முதல் மாநிலமே பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1997இல் இயற்றிய சட்டம் ஒன்று அதற்கு வழி கொடுத்தது. முதலில் ஐந்து வருடம் என்றார்கள், 2024இல் மேலும் மூன்று வருடம் வரை நீட்டித்தார்கள்.

அந்தக் கோடையில் ஆணையர் நடத்திய பொதுக் கூட்டங்களில் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புக்கு ஹெட்போன் கொடுத்தார்கள். பிராவிடன்ஸ் பள்ளிகளில் மூன்றில் இரண்டு பங்கு லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு தாய் எழுந்து ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தார். ஹெட்போன் தேவைப்பட்டது மேடையில் இருந்த சிலருக்கும் எங்களுக்கும்தான். அறிக்கையில் இருப்பதையெல்லாம் நாங்கள் வருடக்கணக்காகச் சொல்கிறோமே, அப்போது ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டதாரிகளான நாங்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம், குறிப்பேடுகளோடு.

அங்கிருந்துதான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஒரு சந்தேகமும் வந்தது. என் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டோ மூன்றோ வருடம் கற்பித்துவிட்டு வந்தவர்கள், என்னைப் போல. இருபது வருடம் கற்பித்தவர் ஒருவர்கூட இல்லை. இருபது வருடம் கற்பித்தவர் எதற்கு ஒரு வருடம் வேலையை விட்டு, கடன் வாங்கி, கோட்பாடு படிக்க வருவார்? ஆக, பள்ளியை விட்டு வெளியே வந்தவர்கள்தான் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் மேசைக்குப் போகிறார்கள். படிப்பு அதற்குச் சீட்டு கொடுக்கிறது. இது அந்த ஒரு பட்டத்தின் குறை அல்ல. கொள்கைப் படிப்புகள் எல்லாவற்றிலுமே இதைத்தான் பார்க்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எடுக்கலாமா என்றால், பள்ளிக்குள் நடப்பதற்குப் பின்னால் எந்த ஆணை, எந்த வரி, எந்தக் கோடு இருக்கிறது என்று தோண்டுவதில் உங்களுக்கு ருசி இருந்தால் எடுக்கலாம். நல்ல ஆசிரியர் ஆவது எப்படி என்று அறிய ஆசை என்றால் இது அதற்கான இடமில்லை, அங்கே அதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. உதவித்தொகை இல்லாமல் போகவே போகாதீர்கள். ஒரு வருடப் படிப்பு என்பதால் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு உதைக்கும், நேரமே இருக்காது. அமெரிக்காதான் வேண்டும் என்றும் இல்லை. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலும் பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலும் கல்வியில் முதுகலை இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கே திரும்பி வர வேண்டும் என்று முடிவாக இருப்பவருக்கு அவைதான் பொருத்தம் என்பேன்.

விண்ணப்பக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. "கல்வியில் மாற்றத்தைக் கொண்டுவர விரும்புகிறேன்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் பள்ளியில் உங்களை எரிச்சல்படுத்திய ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. எங்கள் வியாசர்பாடியில் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ரயில் பாதை குறுக்கே வரும். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர்தான். இப்படி ஏதாவது ஒன்றை எடுத்து, அது எந்த வருடம் வந்தது, யார் கையெழுத்து, அந்த எண்ணை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்று தேடி இரண்டு பக்கம் எழுதுங்கள். அரசாணை எண் கிடைத்தால் அதையும் போடுங்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "அது பழைய ஃபைல்மா, நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் போங்கள்.